வெள்ளி விளைந்த கை

தண்ணீர் வரி ஏறிய வருடம்தான் பல் டாக்டரின் அலமாரியில் இருந்த வெள்ளிக்கு நகம் முளைத்தது. உருக்காமல், அடிக்காமல், பாறைக்குள் தானாகவே கம்பி கம்பியாகச் சுருண்டு விளைந்த வெள்ளி அது. வெள்ளம் புகுந்து மூடிப்போன பழைய சுரங்கத்திலிருந்து கடைசியாக வெளியே வந்த கல் என்று சொல்லி வியாபாரி விற்றிருந்தார். விரல் வேர்வை பட்டால் கறுத்துவிடும் என்று டாக்டர் யாரையும் அதைத் தொட விட்டதில்லை. இந்த ஊரில் கண்ணை இமை காப்பது என்றால் அவரைத்தான் உதாரணம் சொல்வார்கள். நகத்துக்குப் பின்னால் விரல்கள் வந்தன. அடுத்த கோடைக்குள் உள்ளங்கையும் வந்தது, ரேகைகளோடு. அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அவர் பெயரிலேயே ஒரு தனி அறை தருவதாகச் சொன்னார்கள். அதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்லை எடுத்துப்போக வண்டி வர இருந்த வாரம், கடைவாய்ப்பல் வலியோடு ஓர் அம்மா வந்தார். அந்தச் சுரங்க வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர். அலமாரியைப் பார்த்ததும் வலி மறந்து நின்றுவிட்டார். வெள்ளிக் கையின் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

“இது எங்க வீட்டுக்காரர் கை, டாக்டர். அந்த விரலைச் சுரங்கத்துத் தள்ளுவண்டி நசுக்கிடுச்சு.”

“ஐயோ, தொடாதீங்கம்மா, கறுத்துடும்!”

தொட்டுவிட்டார். வெள்ளி கறுக்கவில்லை. விரல்கள் மெல்ல மடங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டன. அவரை விடுவிக்கக் கம்பிகளை வெட்டலாம் என்று கத்தரியை எடுத்த டாக்டர், மனம் வராமல் கீழே வைத்தார்.

“இருக்கட்டும் டாக்டர். எனக்குக் காத்திருந்து பழக்கம்தான்.”

சாயங்காலம் வரை பிடி தளரவில்லை. பெயர் போட்ட அறையை நினைத்து டாக்டரின் வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். ஆனாலும் கல்லை அவரே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாவோடு அடி மேல் அடி வைத்து நடந்து, பின் தெருவில் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மேஜையில் வைத்ததும் விரல்கள் தாமாகவே விட்டன.

அப்புறம் முழங்கை வந்தது, தோள் வந்தது. மேஜை போதாமல் கட்டிலுக்கு மாற்றினார்கள். வீடு கட்டுபவர்களை விசாரிப்பதுபோல் அக்கம்பக்கத்தார் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர் வாராவாரம் மெல்லிய தூரிகையோடு போய்த் தூசி தட்டிக்கொடுத்தார். தாடை தெரிந்த அன்று அவரால் பொறுக்க முடியவில்லை.

“வாய் வந்ததும் முதல்ல என்ன கேப்பீங்கம்மா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? இத்தனை வருஷம் எங்க இருந்தார்னு அவர்தானே சொல்லணும்? நீங்க பல்லு வரிசையா வருதான்னு மட்டும் பாத்துக்குங்க” என்ற அந்த அம்மா, தலை வரும்போது வேண்டுமே என்று புதுத் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.