இன்னும் பார்க்காத ஒருவர்

துக்கக் கூடத்தின் வாசலில் குனிந்து யுரிம் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆட்களின் கறுப்புத் தோல் செருப்புகள் ஏழெட்டு ஜோடி ஒரே மாதிரி பளபளவென்று வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு அடியில் எங்கோ அவளுடையது கிடந்தது. ஒரு கையில் மருத்துவமனைக் கடையில் வாங்கிய கறுப்புப் பை. அதற்குள் தம்பியின் லேப்டாப் இருந்தது. கூந்தலில் செருகிய வெள்ளை நாடா, தரை கூட்டும் கறுப்புப் பாவாடை, இந்தக் கோலத்தில் தெருவில் இறங்க வேண்டும் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. மதியம் மணி இரண்டரை.

துக்கத்துக்குத் தலைமை தாங்குகிறவர் கூடத்தை விட்டு நகரக் கூடாது. பிள்ளை முந்திக்கொண்டால் பெற்றவர்கள் அந்த இடத்தில் உட்காருவதில்லை. அப்பா எப்போதோ போய்விட்டார். செத்துப்போன தம்பி தாவுனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, இருபத்தாறு வயதுதான். மிச்சம் இருந்தது அக்கா ஒருத்தி. பொம்பளையா என்று சித்தப்பா முதல் நாள் முணுமுணுத்துப் பார்த்தார். தானே அங்கே நின்றால் வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து அவருடைய இடுப்பே பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

தாவுன் வேலை பார்த்த கம்பெனியின் மேலாளர் ஹா. நேற்றிலிருந்து அதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். துக்கத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்பதை அவர் வெகு சிரத்தையாக எடுத்துக்கொண்டு, காரச் சிவப்பு மாட்டிறைச்சிச் சூப்பில் ஐந்து கிண்ணத்தைக் காலி செய்திருந்தார்.

"மருந்துக் கடைக்கு. அம்மாவுக்குத் தலைவலி."

"நம்ம பையன் யாரையாவது அனுப்பறேனே."

"வேண்டாம்."

"நீங்க வந்ததும் அந்தக் காகிதத்த ஒரு தடவ பாத்துடலாம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பெட்டிய எடுக்கணும். அதுக்கு முன்னாடி அம்மா முத்திரைய வச்சுட்டாங்கன்னா எல்லாருக்கும் மனசுக்கு நிம்மதி."

கம்பெனி எழுதிக் கொண்டுவந்த அந்தக் காகிதத்தை அவள் நேற்றே படித்துவிட்டாள். மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது, ஒரு வரி மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. 'மேற்படி ஊழியர் சொந்த முடிவின் பேரில், யாரிடமும் தெரிவிக்காமல், கலவைத் தொட்டிக்குள் இறங்கினார்.' தாவுன் அப்படிச் செய்கிற ஆளில்லை. சாலையில் வண்டியே வராவிட்டாலும் பச்சை விளக்குக்காக நிற்கிறவன். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாக அம்மாவின் முத்திரை விழுந்தால், அவன் தன் புத்தி கெட்டுச் செத்தவன் என்றுதான் கடைசிவரைக்கும் இருக்கும்.

அதை உடைக்கிற வழியை முந்தின நாள் சாயங்காலம் சொன்னவன் பொம்சு. தாவுனோடு ஜோடி போட்டு வேலை பார்த்தவன். கும்பிட்டுவிட்டு, சூப்பைத் தொடாமல் எழுந்து, வெளியே புகைபிடிக்கும் இடத்தில் அவளைப் பிடித்தான். "அக்கா, எங்களுக்கு வேலை எல்லாம் மெசெஞ்சர் குரூப்லதான் வரும். வாயால யாரும் சொல்ல மாட்டாங்க. திங்கட்கிழமை என்னை வேற லைனுக்குக் கூப்பிட்டுட்டாங்க. அவனுக்கு என்ன வந்துச்சுன்னு என் போன்ல இப்போ இல்ல. எல்லார் போனையும் வாங்கிப் பாத்தாங்க, அழிக்கச் சொன்னாங்க." அவன் சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தான். "மெஷின ஓட்டினது நோ அண்ணன். பாவம், உள்ள ஆள் இருக்கறதே அவருக்குத் தெரியாது. அன்னைக்கு வீட்டுக்குப் போனவரு, போனையே அணைச்சுட்டாரு. தாவுன் லேப்டாப்லயும் மெசெஞ்சர் போட்டிருந்தான்ல? அத நெட்ல போட்டுப் பாருங்க. ரெண்டு நாள்தான் சர்வர்ல வச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தாவுனின் போன் அவனோடு தொட்டிக்குள் போனது. திரும்பி வரவில்லை. அவன் தங்கியிருந்த அறையிலிருந்து எடுத்து வந்த லேப்டாப்பை விடிய விடிய நோண்டியும் பயனில்லை. வைஃபை என்கிற அடையாளமே திரையில் இல்லை. கேபிள் போட்டுத் தன் போனைச் செருகினால் போன் சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான்.

ஏன் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை அவனே கூப்பிட்டுச் சொன்னான். "அக்கா, லேப்டாப் புது வெர்ஷன் போடு போடுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சரின்னு அமுக்கித் தொலைச்சேன். இப்போ வைஃபையே காணோம்."

"கரண்ட் வேலை படிச்சவன்தானடா நீ? இதுக்குக் கூடவா அக்கா வேணும்?"

"பின்ன அக்கா எதுக்குத்தான் இருக்காங்க?"

அடுத்த வாரம் எடுத்துட்டு வா, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கே போயிருந்தால் என்ன என்று நேற்றிலிருந்து நூறு தடவை கேட்டுக்கொண்டாயிற்று. போயிருந்தாலும் அவன் செத்துத்தான் இருப்பான். ஆனால் இந்த லேப்டாப் வாய் பேசியிருக்கும்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடைக்காரன் லேப்டாப்பைத் திறந்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பார்மட் போட்டுடலாம், நாப்பது நிமிஷம்" என்றான். இந்த ஊரில் கம்ப்யூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் ஒரே மருந்து அதுதான். திரை நின்றாலும் பார்மட், சத்தம் வராவிட்டாலும் பார்மட். மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் பென்டிரைவைக் கையில் எடுத்ததும் யுரிம் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "அழிச்சுடாதீங்க!" என்று அவள் கத்தியது அவளுக்கே வேறு யாரோ கத்தியது போலக் கேட்டது. கடைக்காரன் அப்போதுதான் அவள் கூந்தலில் இருந்த வெள்ளை நாடாவைப் பார்த்தான். மரியாதையாகத் தலையைத் தாழ்த்தி, பழைய சந்தைக்குப் பின்னால் பியோன் என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் பொறுமைசாலி என்றான்.

பியோனின் கடை முத்திரை செதுக்குகிற கடையும் சாவி வெட்டுகிற கடையும் நெருக்கிய நெருக்கலில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவாய்க் கருவாட்டை மென்றுகொண்டே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"மூணே முக்காலுக்குள்ளன்னு போலீஸ் சொன்னாங்க. திங்கட்கிழமை."

பியோன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பத்தைந்து. இன்று புதன்.

"தம்பி நம்பர புது போன்ல போட்டுப் பாக்கலையே?"

"இல்ல."

"நல்ல வேளை. போட்டிருந்தா மெசெஞ்சர் இந்த லேப்டாப்ப வெளிய தள்ளிட்டிருக்கும். பழசு ஒண்ணும் வராது." விளக்கை இழுத்து லேப்டாப்பின் பக்கவாட்டில் பிடித்தார். "என்னம்மா இது, உள்ள மாவு?"

"தீவனம். மாட்டுத் தீவனம் அரைக்கிற ஆலை. அவன் அறையிலயும் அதே தூசிதான். தலையணையிலகூட."

கேபிள் செருகுகிற ஓட்டை இரண்டிலும் மஞ்சள் தூள் அடைத்துக் கிடந்தது. மின்சாரம் மட்டும் போகிறது, வேறொன்றும் போகாது என்று சொல்லிவிட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்துக் குடைந்தார். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளாக ஒரு சிட்டிகை விழுந்தது. யுரிம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதே தூளுக்கடியில்தான் அவனை ஐந்து மணி நேரம் தேடினார்கள். பியோன் காகிதத்தை மடித்துக் குப்பையில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, மேஜை ஓரமாகவே வைத்தார்.

"வைஃபை கார்டு நல்லாத்தான் இருக்கு. பழைய கார்டு. புது வெர்ஷன் வந்ததும் கார்ட ஓட்டற டிரைவர் புரோகிராம்ல தனக்குத் தெரிஞ்சத இது தலைல கட்டிடுச்சு, ரெண்டுக்கும் ஒத்துப்போகல. பழைய டிரைவர் எங்கிட்ட இருக்கு. எதையும் தூக்கிப் போட மாட்டேன், அதனாலதான் பொண்டாட்டி கடைக்குள்ள வர்றதில்ல." சிரிக்க நினைத்து, சிரிக்காமல் விட்டார்.

"கேபிள்ல நெட் கொடுத்தா ஆகாதா?"

"இந்த ஓட்டை ஆடுது பாருங்க. நடுவுல அறுந்தா பாதி வந்து பாதி நின்னுடும். என்ன வரலைன்னு நமக்கே தெரியாது. ரெண்டு நிமிஷம் தாங்கினாப் போதும், டிரைவர் உள்ள போயிடும்."

பென்டிரைவைச் செருகிக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். விரல் நகம் வெளுத்தது. முதல் தடவை எண்பது சதவீதத்தில் நின்றது. இரண்டாவது தடவை யுரிம் பிடித்தாள். அப்போது பார்த்து இடுப்பில் போன் அதிர்ந்தது. சித்தப்பா. விட்டது. மறுபடி அதிர்ந்தது. பியோன் அதை எடுத்து அவள் காதில் வைத்தார்.

"எங்கம்மா போன? பத்தி அணையப் போகுது, ஏத்த ஆளில்ல! அந்தக் கம்பெனிக்காரன் உங்கம்மா பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டு முத்திரை எங்க முத்திரை எங்கன்னு கேக்கறான்."

"முத்திரை எங்கிட்ட இருக்கு சித்தப்பா. பத்திய நீங்க ஏத்துங்க."

"நான் எப்படி..."

"ஏத்துங்க!"

மூன்று பதினெட்டுக்கு டிரைவர் ஏறியது. அது போய்ப் புதியதைத் திரும்பக் கட்டிக்கொள்ளாதபடி பியோன் எதையோ அடைத்தார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். மீண்டும் எழுந்துவர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் யுரிம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் விசிறி போன்ற அந்தச் சின்னம் தெரிந்தது. கடைப் பெயரில் ஒரு வைஃபை, சாவிக் கடைக்காரனின் வைஃபை, மாடியில் யாருடையதோ. மூன்று இருபத்தாறு.

மெசெஞ்சர் தானாகத் திறந்தது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு கொட்டியது. பொரித்த கோழிக் கடையின் தள்ளுபடி. பார்சல் வாசலில் வைக்கப்பட்டது. அம்மா, திங்கள் மாலை ஆறு மணி: சாப்பிட்டியா? அம்மா, ஏழரை: ஏன்டா பதில் காணோம்? அம்மா எட்டு மணிக்கு வெறும் அவன் பெயரை மட்டும் எழுதியிருந்தாள்.

யுரிம் அதைத் தாண்டி ஆலைக் குழுவைத் திறந்தாள். பதினோரு பேர். திங்கட்கிழமை வரைக்கும் மேலே உருட்டினாள்.

மூன்று முப்பத்தொன்று, மேலாளர் ஹா: அழிக்கப்பட்ட செய்தி.

தாவுன்: பொம்சு அண்ணன் வந்ததும் இறங்கட்டுமா?

மூன்று முப்பத்திரண்டு, மேலாளர் ஹா: அழிக்கப்பட்ட செய்தி.

தாவுன்: தனியாவா?

மூன்று முப்பத்து மூன்று, மேலாளர் ஹா: அழிக்கப்பட்ட செய்தி.

தாவுன்: சரிங்க. உள்ள இறங்கறேன். மெஷின மட்டும் போட்டுடாதீங்க.

யுரிம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹா எழுதியது அத்தனையும் போய்விட்டது. அழித்த இடம் மட்டும் இருந்தது. தாவுன் எழுதியதை அவர்களால் அழிக்க முடியவில்லை, எழுதியவன்தான் அழிக்க முடியும். சுவரோடு பேசுகிறவன் போல அவன் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தான். சரிங்க என்று வேறு சொல்லியிருக்கிறான். செத்துப்போகப் போகிற நேரத்திலும் மரியாதை! அவளுக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. பல்லைக் காட்டாமல், மாட்டேன் போடா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"போட்டோ எடுங்கம்மா" என்றார் பியோன். "திரையோட, கடிகாரத்தோட. சீக்கிரம்."

எடுத்தாள். மறுபடி எடுத்தாள்.

அப்போதுதான் அவர் திரையின் அடியில் விரல் வைத்தார். இன்று காலை ஹா அனுப்பியிருந்த பாதுகாப்புப் பயிற்சி அறிவிப்பு. அதன் பக்கத்தில் மஞ்சளாக ஓர் எண் நின்றது. ஒரு வரியை இன்னும் எத்தனை பேர் பார்க்கவில்லை என்று காட்டுகிற எண். குழுவைத் திறந்தபோது இரண்டாக இருந்தது, இப்போது ஒன்று.

"நாம திறந்ததும் தம்பி பாத்துட்டதாக் கணக்காயிடுச்சு" என்றார் பியோன். "அவங்க போன்லயும் இது தெரியும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மேலாளர் ஹா வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழுந்தது. துக்கக் கூடத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் அதை அமுக்கியிருப்பார். அடுத்து ஒருவர். அடுத்து இருவர் சேர்ந்தாற்போல். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பொம்சு வெளியேறினார் என்று வந்தபோது யுரிம் கண்ணை மூடித் திறந்தாள். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னான்.

மூன்று முப்பதுக்குக் குழுவில் இரண்டே பேர். தாவுன், இன்னொருவர். பெயரைப் பார்த்தாள். கலவை அறை, நோ.

மெஷினை ஓட்டியவர்.

"அவருதான் போன அணைச்சு வச்சிருக்காருன்னு சொன்னீங்களா?" என்று பியோன் மெல்லக் கேட்டார். யுரிம் மேலே உருட்டினாள். 'உள்ள இறங்கறேன். மெஷின மட்டும் போட்டுடாதீங்க.' அந்த வரிக்குப் பக்கத்திலும் மஞ்சள் ஒன்று நின்றது. எழுதியவனையும் நோவையும் தவிர மற்ற அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள், திங்கட்கிழமையே பார்த்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மூன்று முப்பத்து மூன்றிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அது அவருக்காகவே அங்கே காத்துக்கொண்டிருந்தது.

அவளுடைய போன் மேஜையில் அதிர்ந்தது. மேலாளர் ஹா. அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்பு வரைக்கும் நகர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பியோன் அது விழாமல் கையை வைத்துப் பிடித்தார்.

யுரிம் கண்ணை எடுக்காமல் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறைந்தது.

வெளியேறினார் என்று எதுவும் விழவில்லை. குழுவில் இன்னும் இரண்டு பேர்தான்.