மூன்றாவது சர்வரில் இன்னும் இருக்கும் வரி

…இல்லை, கேபிளாக இருக்காது, கேபிளாக இருந்தால் மூன்றும் ஒரே சமயத்தில் படுத்திருக்காது, இது எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அவள், புதுசாகச் சேர்ந்த பெண், டார்ச் பிடித்தபடி நிற்கிறாள், என்னை நம்பி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர்கள் நான்கு மணி வரை இயங்காது என்று கவுண்டரில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, இப்போது மூன்றேகால், கீழே எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேலாளர் ஃபோனில் இருக்கிறார், அவர் குரல் மட்டும் ஸ்பீக்கரில் இந்தக் குளிர் அறை முழுக்கச் சுற்றுகிறது, எங்கள் பேச்சு அவருக்குக் கேட்க வேண்டாமென்று மைக்கை அணைத்து வைத்திருக்கிறேன், பதில் சொல்லும்போது மட்டும் திறப்பேன். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசாக்கினோம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ரீஸ்டார்ட் கொடுத்தோம், மூன்றும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான் கதை. அவ்வளவுதானா? திரையில் ஒரு டிஸ்க் வட்டின் பெயரைப் போட்டு, அதைத் தேடுகிறேன் தேடுகிறேன் என்று ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டு, கிடைக்கவில்லை என்று பாதியிலேயே நின்று கடவுச்சொல் கேட்கிறது. அந்தப் பெயரைப் பார்த்த முதல் நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வைத்த பெயர் அது.

மூன்று வருஷம் முன்னால், தகவலை இடம் மாற்றுவதற்காக ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வட்டு செருகினேன், எழுந்திருக்கும்போது இந்த வட்டையும் சேர்த்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பில் ஒரு வரி எழுதினேன், வேலை முடிந்ததும் வட்டைப் பிடுங்கி அலமாரியில் போட்டேன், வரியை எடுக்க மறந்தேன். மூன்று வருஷமாக நிறுத்தாமல் ஓடிய சர்வர், அதனால் யாருக்கும் தெரியவில்லை, நானும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பாருங்கள் ஆயிரத்துச் சொச்சம் நாள், ஒரு தடவைகூட அணைந்ததில்லை என்று பீற்றிக்கொண்டேன், சர்வர்களுக்கு டாக்டர், கை வைத்தால் கை வைத்ததுதான் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயரே அது. மறதி மனுஷனுக்கு வரும், அதைக்கூட விடு. இவள் போன மாதம் வந்து கேட்டாளே! வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், இந்த வரி எதுக்கு சார்? இப்படி ஒரு டிஸ்க்கே இல்லையே" என்றாள், நாலு பேர் பார்க்க. எனக்கு என்ன வந்தது? "ஏம்மா, ஓடிக்கிட்டிருக்கறத ஓட விடு, உன் புத்திசாலித்தனத்தை எல்லாம் உன் வீட்டு மிக்ஸியில காட்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள். இன்றைக்கும் சொன்னாள், "முதல்ல ஒண்ணு எழுந்திரிக்கட்டும் சார், அப்புறம் மத்ததுக்குக் குடுக்கலாம்." எனக்கு மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற அவசரம், "சும்மா மூணையும் சேர்த்து அழுத்தும்மா" என்றேன், அழுத்தினாள்.

"யாரு சார் ரீஸ்டார்ட் குடுத்தது?" என்று மேலாளர் கேட்டபோது மைக் திறந்துதான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, பொய், வாயைத் திறக்க எனக்கு நேரம் நிறையவே இருந்தது, "நான்தான் சார்" என்றாள் அவள். உண்மைதானே, அவள் விரல்தானே அழுத்தியது… என்று என் மனசு சொன்ன வேகம் இருக்கிறதே, சீ. பத்து வயதில் மொட்டை மாடிக் குழாயை நான் திறந்துவிட்டு விளையாடப் போய், வீடெல்லாம் தண்ணீர் இறங்கி, அப்பா தங்கச்சிதான் என்று நினைத்து அவள் முதுகில் வைத்தார் ஒன்று, நான் கதவு ஓரமாக நின்றேன். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, அழக்கூட இல்லை அவள், "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்ணா" என்றாள். நாற்பது வருஷம் ஆகிறது, இன்றைக்கும் அவள் வீட்டுக்குப் போனால் குழாய் சத்தம் எனக்கு ஆகாது.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? "மேல் மாடில நெட்வொர்க் ஸ்விட்ச் லைட் எரியுதான்னு பார்த்துட்டு வாம்மா" என்று அவளை அனுப்பினேன். ஸ்விட்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அவள் காலடிச் சத்தம் போனதும் முதல் சர்வரில் கடவுச்சொல்லைப் போட்டு, கோப்பைத் திறந்தால், அந்த வரி, அதன் கடைசியில் என் பெயரின் இரண்டு எழுத்து, தேதி, 'தற்காலிகம், ஒரு வாரத்தில் எடுத்துவிடவும்'. முன்னால் ஒரு குறி போட்டால் போதும், சர்வர் அந்த வரியைப் படிக்காது, வரியும் அப்படியே இருக்கும், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், எதையும் அழிக்காதே, நாளைக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அழித்தேன். முழு வரியையும். எழுந்தது. இரண்டாவதிலும் அழித்தேன். எழுந்தது. மைக்கைத் திறந்து "ரெண்டு வந்துடுச்சு சார்" என்றபோது என் குரலில் ஒரு களைப்பைக்கூடச் சேர்த்துக்கொண்டேன். "அப்பாடா! நீங்க இல்லன்னா இன்னிக்கு நாறியிருக்கும் சார், டாக்டர்னா டாக்டர்தான்" என்றார், நானும் சிரித்துவிட்டு மைக்கை அணைத்தேன்.

மூன்றாவதில் கோப்பைத் திறந்திருக்கும்போது அவள் வந்துவிட்டாள், மூச்சு வாங்க. "லைட் எரியுது சார்… அட, வந்துடுச்சா! என்ன சார் பிரச்சினை?" "ஒரு பழைய செட்டிங்மா." திரையை அவள் பார்த்தாள். நான் மறைத்திருக்கலாம், தோளைக் கொஞ்சம் திருப்பினால் போதும், திருப்பவும் செய்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள். "அந்த வரியா சார்? உங்க பேர் போட்டிருந்துச்சே, அதான் அன்னிக்கு வேற யார்கிட்டயும் கேட்காம உங்ககிட்டயே கேட்டேன்." குத்தலே இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்கவில்லை. அப்போது ஸ்பீக்கரில் மேலாளர், "சார், அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தா கொஞ்சம் வெளிய அனுப்புங்க" என்றார், நான் சொல்வதற்கு முன்னால் அவளே போய்விட்டாள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் டார்ச் இன்னும் எரிகிறது, அணைக்க மறந்துவிட்டாள். "மூணையும் ஒரே நேரத்துல அழுத்தியிருக்கா சார், இப்படி ஒரு அவசரக்குடுக்கை. நாளைக்கு அவளை நிரந்தரம் பண்ற பேப்பர்ல நான் கையெழுத்துப் போடணும். போடவா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

சொன்னேன். இந்தத் தடவை சொன்னேன், சத்தமாகவே, "அவ மேல தப்பில்ல சார், வரி என்னோடது, மூணையும் அழுத்தச் சொன்னதும் நான்தான், அவ போன மாசமே கேட்டா, நான் கிண்டல் பண்ணி வாயை அடைச்சேன், ரெண்டு சர்வர்ல அந்த வரியை இப்பதான் திருட்டுத்தனமா அழிச்சேன், மூணாவதுல இன்னும் இருக்கு, படம் எடுத்து அனுப்புறேன்" என்று ஒரே மூச்சில். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, சரி, திட்டத்தான் போகிறார், திட்டட்டும் என்று நின்றேன், அப்போது, "ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றார் அவர். பார்த்தால் மைக் அணைந்தே இருந்தது. ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கும் கேட்டிருக்காது, இந்த மின்விசிறிகளின் இரைச்சலில் எனக்கே என் குரல் பாதிதான் கேட்டது. அட, பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும் நான், ஆனால் அதற்கு முன்னால், அதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நீளமான மூச்சு விட்டேனே, தப்பித்தோம் என்று, அது யார் விட்ட மூச்சு? மைக்கைத் திறந்தேன். "இருக்கேன் சார்" என்றேன். திரையில் அந்த வரி, இரண்டு எழுத்து, தேதி, அதன்மேல் கர்சர் நின்று மினுக்குகிறது. "ம், சொல்லுங்க" என்றார். ஒரு நிமிடம் முன்னால் அத்தனை சுலபமாக வந்த அந்த முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.