தொண்ணூற்றொன்று போதும்

அந்தப் படகுத்துறையில் கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லோரும் நம்பியது தொண்ணூற்றேழைத்தான். பெட்ரோல் பங்கில் தனிக் குழாயில் வரும் உசத்தி ஆக்டேன் பெட்ரோல் அது. எண் ஏற ஏற எஞ்சினுக்கு வலு ஏறும் என்பார்கள். அப்படியானால் காலண்டரில் முப்பத்தோராம் தேதி வரும்போதெல்லாம் நாமும் பயில்வான் ஆகிவிட வேண்டியதுதான்.

படகுக்காரி மட்டும் நம்பவில்லை. எஞ்சினோடு வந்த கையேட்டை அவள் படித்திருந்தாள். துறையில் அந்தப் பாவத்தைச் செய்தவள் அவள் ஒருத்திதான். இந்த எஞ்சினுக்குத் தொண்ணூற்றொன்று போதும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் குறைந்தால் உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும். அதற்கு மேல் போனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு படகு நடு ஆற்றில் நின்றுபோனது. காரணம் யாருக்கும் தெரியாது. பழி மட்டும் சாதா பெட்ரோல் மேல் விழுந்தது. அன்றிலிருந்து தொண்ணூற்றேழு ஊற்றாத படகுக்கு ஆள் ஏற்ற முறை கிடையாது என்று துறைத் தலைவர் விதி போட்டுவிட்டார். முறை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"சோதிச்சுப் பாருங்க தலைவரே," என்றாள் அவள். "தொண்ணூற்றொன்றை ஊத்தி, பத்துப் பேரை ஏத்திக்கிட்டு, எதிர் நீரோட்டத்துல ஆத்து நடுவுல நிக்கற கம்பம் வரைக்கும் போயிட்டு வரேன். ஒரு தட்டு தட்டினாலும் படகைக் கரையேத்திடறேன்."

துறைக்கு மெக்கானிக் அவளுடைய சொந்த அண்ணன். தொண்ணூற்றேழுக்குப் பரம பக்தன்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறியே," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"என் மடிதானே அண்ணே? கடிச்சா நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை பத்துப் பேர் ஏறினார்கள். கம்பத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பப் பதினோரு நிமிடம். எஞ்சின் ஒரு முனகல்கூட முனகவில்லை. தலைவர் முறைச்சீட்டை எழுதிக் கொடுத்தார். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்; அண்ணன் மட்டும் கண்ணைப் பார்க்காமல் அவளை ஓரமாக இழுத்துப் போனான்.

"நீ தோத்துடக் கூடாதேன்னுதான்... காலையில நீ டீ குடிக்கப் போனப்ப டேங்குல நாலு லிட்டர் தொண்ணூற்றேழு ஊத்திட்டேன். யாருக்கும் தெரியாது. சீட்டு கைக்கு வந்தாச்சு, விடும்மா."

அவளுக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டு வந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்; புத்திசாலிகள் அதைத்தான் செய்வார்கள். அவள் விறுவிறுவென்று நடந்துபோய்ச் சீட்டைத் தலைவர் மேசையில் வைத்தாள்.

"இது செல்லாது. டேங்குல கலப்படம் ஆயிடுச்சு. மறுபடியும் போறேன்."

"கிடைச்சதை எவளாவது திருப்பிக் குடுப்பாளா?" என்றார் தலைவர்.

"நான் குடுக்கறேன்."

எல்லோர் கண்முன்னும் டேங்கைக் கேனில் கவிழ்த்தாள். குழாயில் மிச்சமிருந்ததும் தீரட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டாள். அது இருமி அடங்கியது. தலைவரே பங்குக்குப் போய்த் தன் கையால் பிடித்து வந்த தொண்ணூற்றொன்றை ஊற்றி, எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழை அது கல்லாக இறுகும்வரை அமுக்கினாள்.

இந்த முறை ஒன்பது பேர்தான் ஏறினார்கள். ஓர் இடம் காலி. யாரும் அசையவில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு வந்து, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"தட்டினா என் காதுலதான் முதல்ல விழணும்," என்றான்.

அவள் முழு வேகம் கொடுத்தாள். தண்ணீர் எதிர்த்து வந்தது. அண்ணன் கண்ணை மூடி, எஞ்சின் மூடியின் மேல் காதைச் சாய்த்திருந்தான். அவளுக்கும் பயம்தான். அதை அவனிடம் காட்டுவதாக இல்லை. கம்பத்தைத் திரும்பும்போது அவன் கண்ணைத் திறந்தான்.

"தட்டலை," என்று முணுமுணுத்தான்.

"கேக்கலை."

"தட்டலைம்மா!"

"எனக்கு எதுக்குச் சொல்றே? கரையைப் பாத்துச் சொல்லு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"படகைக் கவுத்துடாதே. உக்காந்தே கத்து."

மெக்கானிக் இரண்டு கையையும் வாயருகே குவித்து, தொண்டை கிழியக் கத்தினான்.