மாடி ஏறாத ஆய்வு

அவர் ஷூ நாடாவைக் கட்டி நிமிர்வதற்குள் மச்சினன் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டான். அக்கா வீடு என்றால் கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"மாமா, இன்னிக்கு விசாரணையில வளவளன்னு பேசாதீங்க. 'ஆமா, விழுற கட்டடம்தான்'னு ஒரே வார்த்தை. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அதான் எழுதிக் குடுத்தாச்சே மாப்ள, இன்னும் ஏன் உயிரை வாங்கற?"

"ஏன் அவன்கிட்ட எரிஞ்சு விழறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் பாய்ந்தது. "என் தம்பிக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே!"

கட்டட ஆய்வாளரான அவருக்கு அலுவலகத்தில் 'ஸ்டாம்ப்' என்று பட்டப்பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் குத்திவிடுவார். துறைமுகக் கரையில் பழைய கப்பல் கட்டும் கம்பெனியின் அலுவலகம் ஒன்று நிற்கிறது. அதை இடிக்கும் வேலை மச்சினனுக்குக் கிடைக்க வேண்டுமானால், அது ஆபத்தான கட்டடம் என்று ஸ்டாம்ப் சான்று தர வேண்டும். மச்சினன் எடுத்துவந்த போட்டோக்களைப் பார்த்தே அவர் எழுதிவிட்டார்: 'மேல்தளம் நடுவில் நான்கு அங்குலம் புடைத்துள்ளது. பக்கச் சுவர்கள் அமிழ்ந்துவிட்டன. எந்நேரமும் இடியலாம்.' நேரில் போனாரா என்றால் இல்லை. மாடிப்படி செங்குத்தாம், இவருக்கு முழங்கால் வலியாம். நல்ல சாக்கு!

இடிக்க அனுமதி தரும் குழுவின் விசாரணை அந்தக் கட்டடத்திலேயே நடந்தது. குழுத் தலைவி வாசலில் இருந்தபோதே, மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் தார்ப்பாய் தைக்கும் பெண் ஸ்டாம்பை மேலும் கீழும் அளந்தாள்.

"ஓ, சார்தானா அது? உயிரோட இருக்கற கட்டடத்துக்குப் பாடை கட்டினவரு? வாங்க, பாடையில என்ன கெடக்குன்னு மேல வந்து பாருங்க."

"மரியாதையா பேசும்மா" என்று மச்சினன் எகிறினான்.

"மரியாதையைக் கீழயே வச்சிட்டு வந்து ஏறுப்பா. படி செங்குத்து."

ஸ்டாம்ப் மூச்சு வாங்க ஏறினார். மேலே தூணே இல்லாத நீண்ட கூடம். பலகைத் தரை முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள் செதுக்கப்பட்டிருந்தன. கட்டப்போகும் கப்பலின் விலா ஒவ்வொன்றையும் அதே அளவில் இந்தத் தரையில் வரைந்துதான் மரம் அறுத்தார்கள் என்று அவள் தலைவியிடம் சொன்னாள். இந்தக் கரையிலிருந்து போன அத்தனை கப்பலுக்கும் பிறந்த வீடு இதுதான்.

சொல்லிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரைக் கூடத்தின் நடுவில் கொட்டினாள். தண்ணீர் தேங்கவில்லை. சரிபாதியாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடி, சுவரடியில் வரிசையாக இருந்த துளைகள் வழியே வெளியேறியது.

"தெனமும் கழுவறேன் மேடம். கப்பல் மேல்தளத்தை நடுவுல உசத்தித்தான் கட்டுவாங்க, தண்ணி நிக்கக் கூடாதுன்னு. கப்பல் கட்டின கை ஆபீசையும் அப்படியே கட்டிருக்கு. இத வியாதின்னு எழுதிருக்காரு இந்தப் புண்ணியவான்!"

ஸ்டாம்ப் மண்டியிட்டு ஒரு துளைக்குள் விரலை விட்டார். செம்புக்குழாய், சுவர் எழுப்பும்போதே பதித்தது. டேப்பை இழுத்து இரண்டு பக்கச் சரிவையும் அளந்தார். நூலளவு வித்தியாசம் இல்லை. அமிழ்ந்த கட்டடம் இப்படிக் கணக்காக அமிழாது. முப்பது வருஷமாகத் தூங்கிக்கிடந்த படிப்பு அவரைச் செவிட்டில் அறைந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"அளந்தப்ப இத நீங்க கவனிக்கலையா?" என்றார் தலைவி.

'கவனக்குறைவு' என்று சொன்னால் ஒரு மெமோவோடு போகும். மச்சினன் முழங்கையால் இடித்தான். "ஆமான்னு சொல்லுங்க மாமா. வேற வாயத் தொறக்காதீங்க." அவன் இடித்த இடம் வலித்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டடங்களுக்கு இப்படிக் குத்தினோம் என்று நினைத்தபோது அதைவிட வலித்தது.

"நான் அளக்கவே இல்ல மேடம். இந்த மாடியில இன்னிக்குத்தான் ஏறறேன். இவன் குடுத்த போட்டோவைப் பாத்து எழுதினேன். அந்த அறிக்கை பொய்."

"சொந்தக்காரனையே கவுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா!" என்று மச்சினன் கத்தினான். "இனி எங்கக்கா கையால உனக்கு ஒரு வாய் தண்ணி கெடைக்காது, பாரு!" படிகள் அதிர இறங்கிப் போனான்.

அறிக்கை ரத்து என்று தலைவி எழுதினார். ஸ்டாம்ப் மீது விசாரணை என்றும் அதே பக்கத்தில் எழுதினார். "ஒரு பழைய கட்டடம் வித்தியாசமா இருந்தா, ஏன் அப்படிக் கட்டினாங்கன்னு முதல்ல கேக்கணும். அதுகூடத் தெரியாதவங்களுக்கு இடின்னு சொல்ற அதிகாரம் எதுக்கு?" என்று கேட்டார்.

ஸ்டாம்ப் தார்ப்பாய்க்காரியிடம் வந்து, "மன்னிச்சிடும்மா" என்றார்.

அவள் முகம் இளகவில்லை. காலி வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கடப்பாரை தூக்கறவன்கூட நேர்ல வந்துதான் சார் இடிப்பான். நீங்க வராமலே இடிக்கறீங்க. பாக்காம போடற கையெழுத்தைவிடப் பெரிய கடப்பாரை எந்த ஊர்லயும் இல்ல."