வாளி வராத இரண்டு வீடுகள்

1

இந்தக் கதையை ஒரு அறிவிப்புப் பலகையிலிருந்து சுட்டேன். நகராட்சி அலுவலகத்தில் வேறு வேலையாகக் காத்துக் கிடந்தபோது, 'மக்கும் குப்பை தராத வீடுகள்' என்று ஒரு தாள் கண்ணில் பட்டது. இரண்டே கதவு எண்கள். முதலாவது அச்சில், இரண்டாவதை யாரோ பேனாவால் பிற்பாடு சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேனா எண் என்னை விடவில்லை. அந்த எண்ணுள்ள வீட்டில் ஒருத்தியைக் குடிவைத்து, அவளுக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தேன்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் சுகாதார மேற்பார்வையாளரே அவள்தான்.

2

முதல் தொடக்கம்: 'குப்பை வண்டியின் விசில் கேட்டதும் அவள் திடுக்கிட்டு' (வேண்டாம். விசிலில் தொடங்க யாருக்கும் தோன்றும்.)

இரண்டாவது: 'கணவன் போய் எட்டு மாதமாகிறது.' போய் என்றால், செத்தா, பிரிந்தா? பிரிந்துதான். செத்திருந்தால் அலுவலகத்தில் சொல்லியிருப்பாள். இப்போது யாராவது விசாரித்தால், "அவருக்கு லேசா ஜுரம்" என்று இல்லாத மனிதருக்குக் காய்ச்சல் வரவழைக்கிறாள். மதியம் கேன்டீன் சாப்பாடு. வீட்டில் அடுப்பு பற்றவைப்பதே இல்லை. ஆனால் தெருவுக்கே குப்பை பிரிக்கப் பாடம் எடுப்பவளின் வாளி காலியாக இருக்கலாமா? காய் வாங்கி, நறுக்காமல் அப்படியே மக்கும் குப்பைக்கான பச்சை வாளியில் போட்டு வைத்தாள். ஏழு மாதம். அப்புறம் அதற்கும் கை வரவில்லை.

3

அவள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலில் தண்ணீர் ஓடாமல் தேங்கியது.

"ஜனங்க சாப்பாட்டுக் கழிவைக் கொட்டி அடைச்சிட்டாங்க," என்றார் அதைக் கட்டவைத்த நகராட்சிப் பொறியாளர். "வாளி தராதவங்க யாருன்னு பட்டியல் குடுங்க."

குப்பை வண்டி அக்கா அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வீடுதான் மேடம். தையல்காரர் வீடு. அப்புறம், மூணு வாரமா உங்க வீடு. எழுதட்டுமா, விட்ரட்டுமா?"

(இங்கே ஒரு மாதம் நின்றுவிட்டேன். 'எழுதும்மா' என்று சொல்ல வைத்தேன், நானே நம்பவில்லை.)

"என் வீட்டை விட்டுடும்மா," என்றாள்.

4

நகராட்சி ஆணையர் அறையில் விசாரணை நடந்தது.

"மிஞ்சுறதெல்லாம் கோழிக்குப் போடுறோம் சார்," என்றார் தையல்காரர்.

"தெருவுல வாளி தராதது உங்க வீடு ஒண்ணுதானே? வேற யார் கொட்டியிருப்பாங்க?" பொறியாளர் விடவில்லை.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பட்டியலை இழுத்துத் தன் கதவு எண்ணை எழுதினாள்.

"ஒண்ணு இல்ல சார், ரெண்டு. இது என் வீடு. நானும் எங்கேயும் கொட்டலை. என் வீட்டுல சமையலே கிடையாது."

"போன வாரம்கூட சாருக்கு ஜுரம்னு சொன்னீங்களே?" என்றார் குமாஸ்தா.

"அவர் என்னை விட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு." பேனாவை மூடினாள். "வாளி வரலைன்னா சாக்கடையில கொட்டுறாங்கன்னு அர்த்தமில்ல. முதல்ல வடிகாலோட வாட்டத்தை* அளங்க."

அளந்தார்கள். இரண்டு அங்குலம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. உடைத்துக் கட்டும்படி ஒப்பந்ததாரருக்கு உத்தரவு போனது. தையல்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

(இங்கே முடித்தால் லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் படியிறங்கும்போது கூட ஒருவரும் வரவில்லை. காய்ச்சலை விசாரித்தவர்கள்கூட மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். இனி அவளிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.)

* தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கும் சரிவு. முகம் வாடுவதற்கும் இதே சொல்தான், நான் திட்டமிடவில்லை.

5

அலுவலக வாசலில் அக்கா குப்பை வண்டியோடு நின்றாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மேடம்."

"எப்படி?"

"வெண்டைக்காய் முழுசு முழுசா வரும். தினம் பிரிக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா, வாளி வைக்கிறதையும் நிறுத்திடுவீங்களோன்னுதான்." அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வீட்டுக்கு வரட்டுமா?"

'வா' என்று எழுதினேன். அவ்வளவு சுலபமாக வருகிற சொல் என்றால் எட்டு மாதத்தில் ஒருமுறையாவது வந்திருக்கும். அடித்தேன். 'வேலை இருக்கும்மா' என்பது யோசிக்காமலே வந்தது; என் வாய்க்கும் அதுதான் பழக்கம். அதையும் அடித்தேன்.

அக்கா காத்திருக்கிறாள். வெயில் ஏறுகிறது. இதற்கு என்ன பதில் சொல்வதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்குமுன் என்னிடம் ஒருமுறை சொல்லுங்கள்.