வேலிக் கணக்கு

வீரகத்தியருக்கு நிலம் என்றால் வேலிதான். யாழ்ப்பாணத்தில் ஒரு முழ எல்லைக்காக நீதிமன்றப் படிகளைத் தேய்த்தவர். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி பெற்று, குடியேற்றவாசிகள் சங்கத்தின் தலைவரான பின்பும் அந்தப் பார்வையை விடவில்லை. எந்தக் காணியையும் சுற்றி நடப்பார். வேலிக்கு எத்தனை கதியால் கம்பு நட வேண்டும், எவ்வளவு ஓலை கட்ட வேண்டும் என்று கூட்டுவார். நடுவில் கிடக்கும் மண் அவர் கண்ணில் படாது.

ஆசிரிய கலாசாலையிலிருந்து புதிதாக வந்திருந்த நேசமலருக்கு இது சகிக்க முடியாத மடமையாகத் தோன்றியது.

அவளுடைய பாலர் வகுப்புக்குக் கொட்டகை இல்லை. பாடமெல்லாம் பாலை மரத்தடியில். மாரி பிறந்தால் அதுவும் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தின் அருகே சங்கத்துக்கு இரண்டு வெறுந்துண்டுகள் இருந்தன: வாய்க்காலோரமாக ஒடுங்கி நீண்ட ஒன்று, சதுரமான மற்றொன்று. ஒன்றில் கொட்டகை, மற்றதில் தம் மருமகனின் நெல் ஆலை என்பது தலைவரின் தீர்மானம்.

"எதெண்டாலும் எடுங்கோ, பிள்ளை. சுத்திவர நடந்து பாத்தனான். ரெண்டுக்கும் ஒரே அளவு வேலி. ரெண்டும் ஒண்டுதான்."

சதுரத்தை நோக்கிக் கையை நீட்டியிருந்தால் காரியம் அப்போதே முடிந்திருக்கும். ஆனால், தாம் எதைக் கொடுக்கிறோம் என்றே அறியாத ஒருவரிடம் பெற்றுக்கொள்வதற்கு அவளுடைய படிப்பு இடம் தரவில்லை.

"ஐயா, நாளைக்குக் காலமை வகுப்புக்கு வாங்கோ. பிள்ளையளுக்குப் பரப்பளவு படிப்பிக்கிறன்."

"இந்த வயசிலை நானும் பாலர் வகுப்போ?"

"உங்களுக்குக் கதிரை போடுவம்."

மறுநாள் ஒரே நீளமான இரண்டு தும்புக் கயிறுகளை மணலில் வளைத்துப் போட்டாள். ஒன்று ஒடுங்கிய நீள் வடிவம், மற்றது சதுரம்.

"எதுக்குள்ளை கூடப் பேர் இருக்கலாம்?"

"நீட்டுக்குள்ளை, ரீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. தகப்பன்மாரின் மூளை பழுதில்லாமல் இறங்கியிருக்கிறது என்று நேசமலர் எண்ணிக்கொண்டாள்.

நீள் வடிவத்துக்குள் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்கள். பாதிப் பேருக்கு இடமில்லை.

"ரீச்சர், இவன் என்ரை மடியிலை இருக்கிறான்!"

"பின்னை எங்கை இருக்கிறது, வாய்க்காலுக்கையோ?"

சதுரத்துக்குள் எல்லோரும் அடங்கினர். ஒருத்தி காலையும் நீட்டிக்கொண்டு, "தலைவர் ஐயாவும் வரலாம்!" என்றாள்.

வீரகத்தியர் சிரிக்கவில்லை. எழுந்து, கயிற்றைத் தாண்டி, நடுவே நின்று காலடி மண்ணைப் பார்த்தார்.

"அப்ப, வேலி ஒண்டெண்டாலும் உள்ளுக்குள்ளை வேறை."

"அதுதான் ஐயா, பரப்பளவு." நீதிமன்றங்களெல்லாம் சேர்ந்து புகட்டாததை ஒரே காலையில் புகட்டிவிட்ட பெருமிதம் அவள் குரலில் நின்றது.

அன்று பின்னேரமே சதுரத் துண்டில் ஆலைக்குத் தூண் நட்டார்கள். நேசமலர் ஓடிவந்தாள்.

"ஐயா, எதெண்டாலும் எடுக்கச் சொன்னீங்களே!"

"ஓம் பிள்ளை, ரெண்டும் ஒண்டெண்டு நினைச்ச நேரம் சொன்னது. நல்ல வடிவாய்ப் படிப்பிச்சீங்கள். மில்லுக்கு நெல்லு மூட்டை அடுக்க வேணும். உங்கடையள் சின்னனுகள்தானே, வரிசையாய் இருக்குங்கள்."

கற்றதை அன்றே பிரயோகிக்கும் மாணவன் அபூர்வம் என்று கலாசாலையில் சொல்லியிருந்தார்கள். தனக்கு வாய்த்தவன் அந்த அபூர்வம் என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

மாரிக்கு முன் வாய்க்காலோரம் கொட்டகை எழுந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் கத்துவது கடைசிப் பிள்ளைக்குக் கேட்பதில்லை. பக்கத்து ஆலையின் இரைச்சல்தான் கேட்கிறது.