ரயில் பாதை இல்லாத வரைபடம்

கதிர்காமநாதன் குளித்து, ஈரவேட்டி காலில் ஒட்ட வந்தபோது, அருந்ததி அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். ஹோலில் அவளுடைய அப்பா நமசிவாயம் பெட்டிக்குள் கிடந்தார். செத்தவீட்டுக் கிரியைக்குச் சுண்ணப்பொடி இடிக்க உரல் வேண்டும் என்று குருக்கள் நின்றார்; வெள்ளவத்தை பிளாட்டில் உரலுக்கு எங்கே போவது? கீழ்வீட்டு றஸ்மியா எங்கோ கேட்டு வாங்கி வரப் போயிருந்தாள். அறைக்குள் கம்ப்யூட்டர் போட்டிருந்தது.

"இதில இருங்கோ அண்ணா," என்றாள்.

அண்ணன் என்றால் பெரியப்பாவின் மகன். நமசிவாயத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. பெறாமகன் இவன்தான் கொள்ளி வைக்கவேண்டும். அந்த உரிமையோடு காலையிலிருந்து வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். சித்தப்பா கண் தெரியாமல் இன்டர்நெற்றில் எதையோ பிழையாகப் போட்டுவிட்டார், அந்த யோசனைதான் ஆளைக் கொண்டுபோனது, பாவம் என்று. அந்தப் 'பாவம்' காதில் விழுந்ததும்தான் அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நமசிவாயம் ஓய்வுபெற்ற பூமிசாஸ்திர வாத்தியார். பழைய எல்லை வரைபடங்களைத் தேடி வாங்கி, ஸ்கேன் பண்ணி, யாரும் பார்க்கக்கூடிய இணையச் சேகரம் ஒன்றில் ஏற்றுவது அவருடைய பைத்தியம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு ஆண்டு எழுதுவார்: நிலத்தை அளந்தது, படத்தை அச்சடித்தது. தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதுவார். குத்துமதிப்பாக ஒரு ஆண்டைப் போட அவருக்குக் கை வராது. கண்ணில் புரை விழுந்த பிறகு தட்டெழுதிக் கொடுக்கக் கதிர்காமநாதன் வந்தான். கடவுச்சொல்லும் இவன் கைக்குப் போனது.

வடக்கின் எல்லை காட்டிய ஒரு படத்தில் ரயில் பாதை ஓடியது. இவன் அந்தப் பாதையை அழித்தான். ரயிலே வராத காலத்து ஆண்டு ஒன்றைக் கீழே போட்டான். எல்லைக்கு எவ்வளவு வயசோ அவ்வளவு பலம் என்பது இவனுடைய நினைப்பு. வெளிநாட்டில் இருந்த தமிழர்கள் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு யாரோ அதே படத்தின் இன்னொரு பிரதியை, பாதையோடு, ஏற்றிவிட்டார்கள். சேகரத்துக்காரர்கள் நமசிவாயத்தின் கணக்கை மூடி, 'படத்தை மாற்றி ஏமாற்றியவர்' என்று அவர் பெயருக்கு நேரே எழுதிவைத்தார்கள்.

செய்தது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எல்லைப்படமும் தமிழ்ப் பெயரும் சேர்ந்து அகப்பட்டால் ஆளைப் பிடித்துப்போக வாசலுக்கு ஜீப் வரும் காலம். என் பெயர் ஏற்கெனவே நாறிவிட்டது, அவனுக்கு இரண்டு பிள்ளைகள், விடு என்று மகளுடைய வாயையும் அடைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால், இந்தக் கதிரையில் இருக்கவேயில்லை.

"உங்கட பேரில ஒரு கணக்குத் திறந்து வச்சிருக்கிறன்," என்றாள் அருந்ததி. "பாதையை அழிச்சது நான், சித்தப்பா இல்லை எண்டு எழுதுங்கோ. சரியான வருசம் ரெண்டையும் போடுங்கோ."

அவன் கதவைப் பார்த்தான். "இண்டைய நிலமை உனக்குத் தெரியாதே? என்னைப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கிறியோ?"

"அப்பாவுக்கும் நிலமை தெரியும். அதாலதான் கள்ளன் எண்ட பேரோட கிடக்கிறார்."

செத்தவீட்டில் வைத்துக் கதைக்கிற கதையா என்று அவன் இழுத்தான்.

"கொள்ளி வைக்கிற கையால இதையும் எழுதுங்கோ. இல்லாட்டிக் கொள்ளியை நான் வைக்கிறன். ஏன் எண்டு ஹோலில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டு வைக்கிறன்."

அவன் எழுதினான். தலையிலிருந்து நீர் கீபோர்ட்டில் சொட்டியது. கொடியில் துவாய் கிடந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் முதலெழுத்துகளை மட்டும் போட்டுவிட்டு எழும்பப் பார்த்தான்.

"முழுப்பேர்," என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அவன் தட்டியதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அப்பா போன துக்கத்துக்கு நடுவிலும் இனிக்கத்தான் செய்தது.

அம்மா பத்மாவதி கதவைத் திறந்தாள். கண்ணாடி இல்லாமல் திரை அவளுக்குத் தெரியாது. அழுது அடைத்த குரலில், "எழுதிப்போட்டானோ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா."

"அப்ப வரச்சொல்லு. உரல் வந்திட்டுது."

பெட்டியை வண்டியில் ஏற்றியபோது வெயில் ஏறியிருந்தது. கதிர்காமநாதன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். கனத்தைச் சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. ஒழுங்கை முனையில், செக் பொயின்றுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். காவலில் நின்ற சிப்பாய் பெட்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். ஆனாலும் வழக்கம்போல அடையாள அட்டை கேட்டான். கதிர்காமநாதன் சட்டியை ஒரு கையில் தாங்கி, இடுப்பிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"நம மொகத?" என்று சிங்களத்தில் பெயரைக் கேட்டான்.

இதே முனையில் எத்தனையோ தடவை சொன்ன பெயர். அவன் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. சிப்பாய் அட்டையிலிருந்து கண்ணை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தான்.

பெண்களை விலக்கிக்கொண்டு அருந்ததி முன்னால் வந்தாள்.

"வைத்திலிங்கம் கதிர்காமநாதன்," என்றாள், தெருவுக்கே கேட்க.

சிப்பாய் தலையாட்டி அட்டையை நீட்டினான். கதிர்காமநாதன் வாங்கவில்லை; சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சிப்பாய் அட்டையை அவன் இடுப்பு வேட்டியில் செருகிவிட்டு வழிவிட்டான். சட்டிப் புகை அவன் கண்ணுக்குள் போனது. துடைக்க அவனுக்குக் கையில்லை. வண்டி காலி வீதி என்ற பெருந்தெருவுக்குத் திரும்பும்வரை அருந்ததி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.